பழங்காசு வாங்க எந்தக் கதவைத் தட்டுவது?

என் மேசை இழுப்பறையில் ஒரு விக்டோரியா ரூபாய் கிடக்கிறது. முன்பக்கம் மகுடம் சூடிய அரசி, பின்பக்கம் பூவேலைப்பாட்டுக்கு நடுவே 1862 என்று ஆண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் திருவிழாவில், தரையில் விரித்திருந்த சிவப்புத் துணியிலிருந்து பொறுக்கி எடுத்தது. விற்றவர் என்னைத் தம்பி என்று அழைத்தார், பாட்டி வீட்டுப் பானையில் இருந்த காசு என்றார், அறுநூறு சொல்லி நானூற்றைம்பதுக்கு இறங்கினார். பேரத்தில் ஜெயித்த பூரிப்போடு வீட்டுக்கு வந்து தராசில் வைத்தேன். 9.8 கிராம்.

அசல் ரூபாயின் எடை 11.66 கிராம். கைமாறிக் கைமாறித் தேய்ந்தால் கொஞ்சம் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு கிராம் அளவுக்குத் தேய்ந்த காசில் அரசிக்கு முகமே மிஞ்சியிருக்காது. என் காசில் காது மடல்வரை தெரிந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் கன்னத்தில் இட்லியின் மேல்தோல்போல நுண்துளைகள். அசல் காசு அச்சில் அடித்து எடுக்கப்பட்டது, அதன் பரப்பு வழவழப்பாக இருக்கும். உலோகத்தை உருக்கி ஊற்றினால்தான் இப்படிக் குமிழ் விழும். விளிம்புப் பற்களின் நடுவே சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடியது. உருக்கி ஊற்றிய வார்ப்பின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். ஓரிடத்தில் நகத்தால் சுரண்டினேன், மஞ்சள் எட்டிப் பார்த்தது. வெள்ளிப் பூச்சுப் போட்ட பித்தளை.

அந்தக் காசை நான் எறிந்துவிடவில்லை. பின்னாளில் அதைப்போல எனக்கு உழைத்த காசு வேறில்லை. புதிதாக ஒரு வியாபாரியிடம் போகும்போதெல்லாம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். பேச்சுவாக்கில் எடுத்து நீட்டி, "இது எப்படிங்க?" என்பேன். உரைகல்லில் தங்கத்தை உரசுவதுபோல, அந்தப் போலிக் காசில் வியாபாரியை உரசிப் பார்ப்பேன். ஒருவர் வாங்கிப் பார்த்த கணமே திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொருவர் "அருமையான காசு, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்; அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான், கெட்டவர் இல்லை. மூன்றாமவரைத்தான் நான் மறக்கவில்லை. கண்ணாடி போட்டு நன்றாகப் பார்த்துவிட்டு, "போலிதான் சார். இருந்தாலும் கொடுங்கள், இருநூறு தருகிறேன். போய்விடும்" என்றார். யாரிடம் போகும் என்று நான் கேட்கவில்லை. அந்தப் படியை அதற்குப் பிறகு மிதிக்கவும் இல்லை.

போன மாதம் தங்கை மகன் கோவையிலிருந்து பேசினான். காசு சேர்க்கப் போகிறானாம், இருபத்தைந்தாயிரம் ஒதுக்கி வைத்திருக்கிறானாம். "மாமா, யாரிடம் வாங்குவது?" என்றான். எதை வாங்குவது என்று கேட்பவர்களையே கண்டு பழகிய எனக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. அவன் ஆசைப்பட்டியலில் மூன்று இருந்தன: ஒரு விக்டோரியா ரூபாய், ஒரு சங்ககாலக் காசு, என்றாவது ஒருநாள் ஒரு 1939 ரூபாய். மூன்றையும் ஒரே ஆளிடம் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது என்றேன். ஏன் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

தரைவிரிப்பும் பழம்பொருள் கடையும்

சென்னையில் 1985-இல் தீயில் போகும்வரை மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகத்தோடு பழைய காசும் வாங்கப் போன தலைமுறை அந்த இடத்தைப் பற்றி இன்றும் பெருமூச்சு விடும். இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகள், திருவிழாக் கடைகள், காரைக்குடியின் பழம்பொருள் தெரு. காரைக்குடிக் கடைக்காரருக்குத் தேக்குக் கதவும் பீங்கான் ஜாடியும் அத்துப்படி. காசு அவருக்கு ஒரு தகர டப்பாவில் கிடக்கும் உதிரிச் சரக்கு. ஏமாற்றவேண்டும் என்று நினைக்காமலே போலியை விற்றுவிடுவார். அவரிடம் விற்றவரும் அப்படியே விற்றிருப்பார்.

ஆனாலும் நான் இங்கே போவதை நிறுத்தவில்லை. காலணா, அரையணாச் செம்புக் காசுகள், புதுக்கோட்டை அம்மன் காசு ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அம்மன் காசு கையில் வைத்தால் தெரியாத அளவுக்குச் சிறிது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். மலிவாகக் கிடைக்கும் சரக்கு, போலி செய்தால் கூலிகூடக் கட்டாது. இதுதான் தரைக்கடைக்கு என் கணக்கு: காணாமல் போனாலும் கவலைப்படாத தொகைக்கு மட்டும் வாங்குங்கள்.

ஒன்றைக் கண்டால் மட்டும் உடனே நடையைக் கட்டவேண்டும். ராமர், சீதை, லட்சுமணர், அனுமன் நிற்க, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818 என்ற ஆண்டும் போட்ட பெரிய காசு. கம்பெனி சென்னையில் அடித்த வராகனில் சாமி உருவம் உண்டு, உண்மைதான். ஆனால் அவை சின்னஞ்சிறு தங்கக் காசுகள். இந்த ராமர் பட்டாபிஷேகக் காசைக் கம்பெனி அடிக்கவே இல்லை. கோயில் வாசல்களில் நினைவுப்பொருளாக விற்ற வில்லைகளின் பரம்பரை அது. இதை வைத்துத்தான் அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டில் கோடிக்குப் போகும் என்று ரைஸ் புல்லிங் கும்பல்கள் ஊர் ஊராக ஏமாற்றுகின்றன. அந்தக் காசு ஒருவர் விரிப்பில் இருந்தால் அவருக்குக் காசு தெரியாது என்று பொருள். அதன் மகிமையை அவர் விளக்கத் தொடங்கினால் பொருளே வேறு.

நிலையான கடை

கடைக்காரரிடம் விலை கூடுதல்தான். வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம் எல்லாம் காசின் தலையில்தான் ஏறும். பதிலுக்கு நமக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று: நாளைக்கும் அவர் அங்கேயே இருப்பார். திருவிழாவில் எனக்கு ரூபாய் விற்றவரை மறுநாள் தேடிப் போனேன். சிவப்புத் துணி இருந்த இடத்தில் பலூன்காரர் நின்றிருந்தார்.

கடைக்காரரை எடைபோட நான் முதலில் விலையைக் கேட்பதில்லை. ஒரே வகைக் காசில் மூன்று எடுத்துக் காட்டச் சொல்வேன். மூன்று விக்டோரியா ரூபாய் வந்தால், எது துலக்கியது என்று கேட்பேன். நம் வீடுகளில் ஆயுத பூஜைக்குக் குத்துவிளக்கோடு பழங்காசையும் புளி போட்டுத் தேய்த்துவிடுவது வழக்கம். பளபளப்பது நல்லது என்று நினைக்கும் நாடு நம்முடையது. சேகரிப்பாளருக்கு அது காசின் தோலை உரித்ததற்குச் சமம். மதிப்பில் பாதிகூடப் போய்விடும். துலக்கிய காசை "இது துலக்கியது" என்று தானாகவே ஒதுக்கி வைக்கும் கடைக்காரர் கிடைத்தால் விடாதீர்கள். துலக்கியதையே 'அச்சுக் கலையாதது' என்று சொல்லி மேலே பணம் கேட்பவரிடம் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

அடுத்து அறிவுச் சோதனை. 1862 என்று ஆண்டு போட்ட ரூபாய்கள் அந்த ஒரு வருடம் மட்டும் அடிக்கப்பட்டவை அல்ல. 1874-இல் புது ஆண்டு வரும்வரை அதே ஆண்டைப் போட்டே அடித்துக்கொண்டிருந்தார்கள். பம்பாய்க் காசுகளில் பின்பக்கம் உள்ள சின்னஞ்சிறு புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு வகை பிரிப்பார்கள். "இதில் எத்தனை புள்ளி?" என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் கண்ணாடியை எடுப்பார். தெரியாதவர் "எந்தப் புள்ளி?" என்பார். தெரியாமல் இருப்பது குற்றமில்லை, ஆனால் அப்படிப்பட்டவரிடம் வெள்ளி விலைக்கு மேல் கொடுக்கவேண்டியதில்லை. வெள்ளி விலையை நாமே கணக்குப் போடலாம்: 11.66 கிராமில் 91.7 விழுக்காடு வெள்ளி, ஆக 10.69 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய விலையால் பெருக்கினால் அடிமட்ட விலை வந்துவிடும். அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கடைக்காரர் காரணம் சொல்லவேண்டும்.

காந்தத்தை வைத்துக்கொண்டு நிபுணர் வேஷம் போடுபவர்கள் உண்டு. ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல் என்பார்கள். பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது, என் திருவிழாக் காசு அந்தச் சோதனையில் அழகாகத் தேறிவிடும். மறுபக்கம், 1947-இல் வந்த புலிச் சின்ன ரூபாய் முழுக்க நிக்கல்; அசலாக இருந்தால்தான் ஒட்டும். இதைப் போலி என்று தள்ளிய ஒரு கடையில் அதைச் சகாயமாக வாங்கிவந்திருக்கிறேன். கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடுதான்.

கடைசிக் கேள்வியை இதமாகக் கேட்கவேண்டும்: "ஆறு மாதம் கழித்து இதையே கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" வாங்கிய விலைக்கே எடுப்பேன் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்புவதில்லை, வியாபாரி லாபம் பார்த்துத்தான் ஆகவேண்டும். வெள்ளி ரூபாய்க்கு "இருபது சதவீதம் குறைத்து எடுப்பேன்" என்று கணக்காகச் சொல்பவர் நேர்மையானவர். "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பவர் தன் சரக்கைத் தானே நம்பாதவர். பில்லிலும் இதே கதைதான். 'பழைய நாணயம் 1, ரூ. 3,000' என்று எழுதிய பில் எதற்கும் உதவாது. எந்த ஆட்சி, எந்த ஆண்டு, எந்த உலோகம், எத்தனை கிராம், அசல் என்ற உறுதி, போலி என்று தெரிந்தால் இத்தனை நாளுக்குள் பணம் திரும்ப என்று எழுதித் தரத் தயங்குபவரின் பேச்சுக்கு அந்தத் தயக்கம்தான் விலை.

கண்காட்சி மேசை

எனக்குப் பிடித்த இடம் இதுதான், அதனால் ஓரவஞ்சனை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று நாணயச் சங்கங்கள் கல்யாண மண்டபத்தையோ அரங்கத்தையோ பிடித்து இரண்டு மூன்று நாள் நடத்துகின்றன. ஒரே கூரையின் கீழ் பல ஊர் வியாபாரிகள். இந்த மேசையில் நாலாயிரம் சொன்ன காசு நாலு மேசை தள்ளி மூவாயிரத்து இருநூறுக்குக் கிடக்கும். அது தெரிந்தே இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். கடையில் தனியாக மாட்டிக்கொள்ளும் வாடிக்கையாளருக்குக் கிடைக்காத வசதி இது. ஒருவர் சரக்கைப் பற்றி இன்னொருவரிடம் கருத்துக் கேட்கலாம். வியாபாரப் பொறாமையைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு கேட்டால் பாதி உண்மை தேறும்.

போகிறவர் முதல் நாள் வாங்கக்கூடாது. ஒரு குறிப்பேட்டோடு சுற்றிவந்து விலை எழுதிக்கொள்ளுங்கள். மற்ற வியாபாரிகள் யார் மேசைக்குப் போய் வாங்குகிறார்கள் என்று கவனியுங்கள். மண்டபத்தில் உள்ள எந்த விளம்பரப் பலகையைவிடவும் அது நம்பகமானது. கடைசி நாள் பிற்பகல், பெட்டி கட்டும் நேரத்தில், விலை தானாக இறங்கிவரும். இறங்கவில்லை என்றால் அந்தக் காசுக்கு வேறு கிராக்கி இருக்கிறது.

குறையும் உண்டு. கூட்டத்தில் காசைத் தராசில் வைத்துப் பார்க்க முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். நகைக்கடைத் தராசின் சிறுவடிவம் இப்போது கையடக்கமாகக் கிடைக்கிறது, பையில் கொண்டுபோங்கள். "எடை போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டதும் தன் தராசையே முன்னால் நகர்த்தி வைப்பவரிடம் நான் கூடுதலாக நூறு ரூபாய் கொடுத்தும் வாங்கியிருக்கிறேன். இன்னொரு தொல்லை, ஊர் திரும்பிவிடும் வியாபாரி. ஆனால் மேசை கொடுத்த சங்கம் உள்ளூரில்தான் இருக்கிறது, முறையிட ஒரு வாசல் உண்டு. அடுத்த ஆண்டும் மேசை வேண்டும் என்ற நினைப்பே பலரை ஒழுங்காக வைத்திருக்கிறது.

ஏலம்

மும்பையின் டோடிவாலா, பெங்களூருவின் மருதர் ஆர்ட்ஸ், அகமதாபாத்தின் கிளாசிகல் நியூமிஸ்மேட்டிக் கேலரி போன்றவை பட்டியல் போட்டு ஏலம் விடும் நிறுவனங்கள். பெயர் சொல்வதால் பரிந்துரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். தங்கை மகனின் 1939 ரூபாய்க்கு நான் காட்டிய கதவு இதுதான்.

காரணம் இருக்கிறது. 1940-இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்தைய முழு வெள்ளிக் காசுகளில் கடைசி ஆண்டு 1939, இன்று கிடைப்பது மிக அரிது. அரிது என்றால் விலை. விலை என்றால் அதற்கென்றே வேலை செய்யும் கைகள். 1938 ரூபாயின் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கிவிடுவார்கள். இங்கே என் தராசு தோற்றுவிடும், கவனியுங்கள். அது அசல் வெள்ளிக் காசு, எடை கச்சிதமாக 11.66 இருக்கும், விளிம்பும் பரப்பும் அசல். பொய் ஒரே ஒரு இலக்கத்தில் மட்டும். நம்முடைய சோதனை முடிகிற இடத்தில்தான் விற்பவரின் சொல்லுக்கு வேலை தொடங்குகிறது; அந்தச் சொல் எழுத்தில் இருக்கவேண்டும். ஏலப் பட்டியலில் படம், எடை, தரம் எல்லாம் அச்சில் இருக்கும். விதிமுறைகளில் போலிக்கு என்ன பொறுப்பு என்று எழுதியிருக்கும். அந்தப் பகுதியைத்தான் நம் ஆட்கள் படிப்பதில்லை. 'உள்ளது உள்ளபடி, திருப்பி எடுக்கப்படாது' என்று குறித்த உருப்படிகளும் அதே பட்டியலில் இருக்கும்.

கணக்கையும் கவனிக்கவேண்டும். சுத்தியல் பத்தாயிரத்தில் விழுந்தால் நாம் கொடுப்பது பத்தாயிரம் அல்ல. வாங்குபவர் கட்டணம் பதினைந்து விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம், அதன்மேல் வரி, அதன்மேல் அனுப்பும் செலவு. பன்னிரண்டாயிரத்தை நெருங்கிவிடும். முன்பின் தெரியாத ஒருவரோடு மல்லுக்கு நின்று, கைத்தொலைபேசித் திரையில் எண் ஏற ஏற நாமும் ஏறும் போதை தனி. எனக்கு ஒரு விதி உண்டு: உச்ச விலையைத் தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவேன். இரண்டு முறை மீறியிருக்கிறேன். அந்தத் தாள்கள் இன்னும் அவளிடம் இருக்கின்றன.

வாங்காவிட்டாலும் ஏலத்தால் ஒரு லாபம்: முடிந்துபோன ஏலங்களின் விலைகள் இணையத்தில் கிடக்கின்றன. கடைக்காரர் ஒரு காசுக்கு ஐயாயிரம் சொன்னால், அதே வகை அதே தரத்தில் எவ்வளவுக்குப் போனது என்று வெளியே நின்று பார்த்துவிட்டு உள்ளே போகலாம்.

வாட்ஸ்அப்பும் முகநூலும்

சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், எரிச்சல் வருகிறது. வைஷ்ணவ தேவி உருவம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயத்துக்குப் பத்து லட்சம், டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு இத்தனை லட்சம் என்று வரும் செய்திகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. நம்மிடம் இருப்பதை வாங்குவதாகச் சொல்லி, பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று முதலில் நம்மிடமே கறப்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டுக்கொள்ள, 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே, நாங்கள் இப்படி வாங்குவதும் இல்லை, கமிஷன் கேட்பதும் இல்லை என்று பொதுமக்களை எச்சரித்தது. அந்த வைஷ்ணவ தேவி நாணயம் சாதாரணப் புழக்கத்துக்கு வந்த காசு.

இதற்கு வெளியே ஒழுங்கான குழுக்களும் இருக்கின்றன. கண்காட்சியில் முகம் பார்த்துப் பழகிய வியாபாரி தன் குழுவில் போடும் காசை நான் வாங்குகிறேன். அங்கே நான் நம்புவது அந்த ஆளை, குழுவை அல்ல. படத்தில் விளிம்பு தெரியாது, எடை தெரியாது, வெளிச்சம் போட்டு எடுத்தால் துலக்கிய காசும் தேவதைபோல் ஜொலிக்கும். தராசின்மேல் காசு இருக்கும் படத்தையும் விளிம்பின் படத்தையும் கேளுங்கள். அனுப்பத் தாமதித்து, "வேறு ஒருவர் பணம் போட்டுவிட்டார்" என்று அவசரப்படுத்தினால் அந்த வேறு ஒருவருக்கு வாழ்த்துச் சொல்லிவிடுங்கள்.

சுதந்திர இந்தியாவின் நினைவு நாணயங்கள்தான் வேண்டும் என்பவருக்கு இந்தத் தலைவலி எதுவும் வேண்டியதில்லை. மும்பை, கொல்கத்தா, ஐதராபாத்தில் உள்ள அரசு நாணயச்சாலைகள் புதிதாக வெளியிடும் சிறப்புத் தொகுப்புகளை நேரடியாகவே விற்கின்றன. பணம் கட்டிவிட்டுப் பல மாதம் காத்திருக்கவேண்டும், அது ஒன்றுதான் குறை. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களை நம்பித்தான் இடைத்தரகர்கள் பல மடங்கு விலை வைக்கிறார்கள். 1995 உலகத் தமிழ் மாநாட்டின் திருவள்ளுவர் நாணயம், அண்ணா நூற்றாண்டின் ஐந்து ரூபாய் போன்றவை புழக்கத்திலும் வந்தவை. அவற்றுக்குத் தங்க முலாம் பூசிப் பெட்டியில் வைத்து ஆயிரக்கணக்கில் விற்பவர், நல்ல காசைக் கெடுத்ததற்குக் கூலி கேட்கிறார்.

சங்ககாலக் காசு

மீன் சின்னம் போட்ட பாண்டியர் செம்புச் சதுரம், வில்லும் அம்பும் போட்ட சேரர் காசு. தமிழ்ச் சேகரிப்பாளன் எவனுக்கும் கை நடுங்கும் இடம் இது. 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பாண்டியன் பெயர் பொறித்த காசை 1980களில் நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிக்கொணர்ந்ததும், கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் மாக்கோதை, கொல்லிப்புறை என்று சேரர் பெயர்கள் கிடைத்ததும் அந்த நடுக்கத்தை இன்னும் கூட்டின. பெயருள்ள காசு என்றால் விலையும் பல மடங்கு. போலியும் அதே வேகத்தில் வந்தது.

விக்டோரியா ரூபாய்க்கு நான் சொன்ன சோதனைகள் பெரும்பாலும் இங்கே செல்லாது. கைவேலை என்பதால் எடை சீராக இராது, வடிவம் கோணல், எழுத்துப் பாதி காசுக்கு வெளியே போயிருக்கும். பார்க்கக்கூடியது களிம்பு ஒன்றுதான். இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த செம்பின் களிம்பு உலோகத்தோடு ஒன்றியிருக்கும், எழுத்துப் பள்ளங்களிலும் மேட்டிலும் வெவ்வேறு தடிப்பில். பூசிய களிம்பு அசிட்டோனில் நனைத்த பஞ்சில் பச்சையாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும். விற்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வேண்டாம் என்றால் அதுவும் ஒரு பதில். எழுத்து மிகத் தெளிவாக, முழுப் பெயரும் காசின் நடுவே வசதியாக உட்கார்ந்திருந்தால் எனக்கு மகிழ்ச்சிக்கு முன்னால் சந்தேகம்தான் வரும்.

சட்டமும் இங்கேதான் குறுக்கே நிற்கிறது. மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். நூறு ஆண்டைக் கடந்த தொல்பொருளை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்பதும், தனியார் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக்கூடாது என்பதும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு தாண்டிய காசும் இதில் அடக்கம். சிங்கப்பூர் அண்ணன் பிறந்தநாளுக்கு 1862 ரூபாயைத் தபாலில் அனுப்ப நினைப்பவர் இதைப் படித்துவிட்டு ஒரு வேட்டி அனுப்பட்டும். "நேற்று ஆற்றில் எடுத்தது, ஈரம்கூடக் காயவில்லை" என்று பெருமையாகச் சொல்லும் வியாபாரியிடம், அசலாக இருந்தால் வழக்கு, போலியாக இருந்தால் நட்டம். பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று யாருடையது, எப்போது வாங்கியது என எழுதித் தருபவரிடம் மட்டுமே இந்த வகையை வாங்கலாம்.

அப்படியொருவரைக் கண்டடையும்வரை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பழகச் சொன்னேன். அசலை நூறு முறை பார்த்த கண்ணுக்குப் போலி உறுத்தும். இவனுக்குச் சங்ககாலக் காசு மூன்றாவது வருடம் என்று நாள் குறித்திருக்கிறேன். மாமா கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்று தங்கையிடம் சொன்னானாம்.

தரச்சான்று பெற்று பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து வரும் காசுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. நிறுவனங்கள் காசைச் சோதித்துத் தரம் போட்டு, எண் கொடுத்து மூடி அனுப்புகின்றன. விலையுயர்ந்த ரூபாய்க்கு இது நல்ல காப்பு. ஆனால் கூட்டையே போலியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே உள்ள படமும் கையில் உள்ள காசும் ஒன்றுதானா என்று பாருங்கள். மூவாயிரம் ரூபாய்க் காசுக்குக் கூடு போட்டு ஆறாயிரம் கேட்டால் பிளாஸ்டிக்குக்கு மூவாயிரம் கொடுக்கிறீர்கள்.

ஆக, இருபத்தைந்தாயிரத்தை இப்படிப் பிரித்தோம். ஆயிரம் ரூபாய் தரைவிரிப்பில் விளையாட. பத்தாயிரம் கண்காட்சிக்கும், அதில் பிடித்துப்போகும் வியாபாரியின் கடைக்கும். இரண்டாயிரத்துக்குத் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, மென்பிளாஸ்டிக் அல்லாத உறைகள். மென்பிளாஸ்டிக் உறை சில ஆண்டுகளில் பச்சைப் பிசினாகக் கசிந்து காசைத் தின்றுவிடும். மிச்சம் 1939-க்கு என்று வங்கியில். அதோடு என் திருவிழாக் காசையும் ஒரு தாளில் மடித்துக் கூரியரில் அனுப்பினேன்.

போன ஞாயிறு ஒரு கண்காட்சி மண்டபத்திலிருந்தே பேசினான், பின்னால் ஒரே இரைச்சல். நான்கு மேசையில் அந்தக் காசை நீட்டியிருக்கிறான். இரண்டு பேர் நல்ல காசு என்றார்கள். ஒருவர் விலை கேட்டார். நான்காவது மேசையில் இருந்த பெரியவர் தராசின் பக்கமே போகவில்லை. இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "திருவிழாவில் வாங்கியதா தம்பி?" என்றாராம். பிறகு தன் இழுப்பறையைத் திறந்து, ஒரு பழைய தீப்பெட்டியிலிருந்து அச்சு அசலாக அதேபோல ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாராம்.

"அவர் 1987-இல் வாங்கினாராம் மாமா. அறுபது ரூபாயாம்."

அவரிடம்தான் விக்டோரியா ரூபாயை வாங்கியிருக்கிறான். 11.57 கிராம். பில்லில் எடையும் எழுதியிருக்கிறார்.